ஒழுங்கு தவறியதா, ஒழுக்கம் தவறியதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் பிரிவில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் செக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா போன மாதம் மட்டும் 9 நாள் தாமதமாக வந்தார். மேனேஜர் நோட்டீஸ் போடச் சொன்னார். இணையத்தில் தேடியதில் ஒரு மாதிரிக் கடிதம் கிடைத்தது. அதில் ‘ஒழுக்காற்று நடவடிக்கை’ என்று இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் புரியாதே என்று அதை எளிமையாக்கி, ‘தொடர் ஒழுக்கக்கேடு குறித்து 3 நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்’ என்று எழுதி, அவர் பெயரையும் டோக்கன் எண்ணையும் போட்டு போர்டில் ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது அவர் ஊர் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்காரர் கேட்டில் நின்று, “எம்பட சம்சாரம் அப்படி என்னங்க ஒழுக்கங்கெட்டுப் போனா?” என்று சத்தம் போட்டார். அந்த அக்கா அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. டிக்‌ஷனரியில் டிசிப்ளின் என்பதற்கு ஒழுக்கம், ஒழுங்கு இரண்டையும் போட்டிருக்கிறார்கள். நான் எழுதியது தப்பா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இப்போது என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தப்புதான். டிக்‌ஷனரியைக் காட்டித் தப்பிக்க முடியாத தப்பு. ஆனால் இதைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை. மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதுதான் 27 வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. முதலில் பத்திரிகையில் மெய்ப்பு பார்த்தேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தும் வேலை. இப்போது கம்பெனிகளுக்கும் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை, பணியாளர் கையேடு, விதிமுறைப் புத்தகம் என்று எழுதியும் திருத்தியும் தருகிறேன். இந்த இரண்டு சொற்களும் இடம் மாறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்காத மாதம் கிடையாது.

நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். ஒரு கல்லூரி விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று மாணவிகள் வகுப்புக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நிருபர் அனுப்பிய செய்திக்கு ‘விடுதி மாணவிகளின் ஒழுக்கமின்மை: முதல்வர் வருத்தம்’ என்று தலைப்பு வந்திருந்தது. ஒற்றுப்பிழை இல்லை, எழுத்துப்பிழை இல்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையிலேயே பெற்றோர்கள் அலுவலக வாசலில் நின்றார்கள். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. பேப்பரை என் மேஜையில் விரித்து வைத்து, “இந்தப் பிள்ளைங்க சாம்பாரைப் பத்தித்தானே சண்டை போட்டாங்க?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, சொற்களுக்கு வருவோம். ஒழுங்கும் ஒழுக்கமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இரண்டுக்கும் தாய் ‘ஒழுகு’. மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறதே, சளி பிடித்தால் மூக்கு ஒழுகுகிறதே, அதே ஒழுகுதான். விடாமல், ஒரே தடத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் போவது என்பது அதன் அடிப்படைப் பொருள். நீர் அப்படிப் போனால் ஒழுக்கு. ஆட்களோ பொருள்களோ அப்படி நின்றால் ஒழுங்கு. ஒருவரின் வாழ்க்கை அப்படிப் போனால் ஒழுக்கம்.

புறநானூற்றின் 173-ஆம் பாட்டில் இந்தச் சொல்லின் பழைய முகத்தைப் பார்க்கலாம். பண்ணன் என்ற கொடையாளியின் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வரிசை வரிசையாகப் போகிறார்கள். முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகும் எறும்புச் சாரையைப் போல இருந்தது என்கிறார் பாடியவர். அவர் சொன்ன வார்த்தை ‘சிறுநுண் எறும்பின் சில்லொழுக்கு’. பாடியவரும் சாதாரண ஆள் இல்லை, கிள்ளிவளவன் என்ற சோழ அரசன். ஒரு அரசன் இன்னொருவன் வீட்டுப் பந்தியை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். அது கிடக்கட்டும். எறும்பு வரிசையாகப் போவதற்குச் சொன்ன அந்த ‘ஒழுக்கு’ பிற்காலத்தில் இரண்டாகக் கிளைத்து, வரிசை என்ற பொருள் ஒழுங்கின் பக்கம் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் குறுகலான பாதைக்கு ‘ஒழுங்கை’ என்று பெயர். நாம் சந்து என்போம். அதற்குள்ளும் இந்த வரிசைதான் இருக்கிறது.

ஒழுக்கம் வேறு வழியில் போயிற்று. தொடக்கத்தில் அது நல்லதையும் சொல்லவில்லை, கெட்டதையும் சொல்லவில்லை. ‘நடந்துகொள்ளும் முறை’, அவ்வளவுதான். அதனால்தான் நம் இலக்கணக்காரர்கள் வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பதைக்கூடக் ‘களவொழுக்கம்’ என்று கூச்சமில்லாமல் எழுதினார்கள். இன்றைய காதில் அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள், களவும் ஒழுக்கமும் எப்படி ஒரே சொல்லில் சேரும் என்று கேட்பார்கள். திருக்குறளில் இந்த மாற்றம் பாதி வழியில் நிற்பதைப் பார்க்கலாம். ‘நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம் தீயொழுக்கம் என்றும் இடும்பை தரும்’ என்ற குறளில் ஒழுக்கத்துக்கு முன்னால் நல், தீ என்று அடை போட வேண்டியிருக்கிறது. அதாவது ஒழுக்கம் அங்கே பொதுச்சொல். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் குறளில், உயிரைவிட மேலாகக் காப்பாற்ற வேண்டியது ‘ஒழுக்கம்’ என்று அடை இல்லாமலே வருகிறது. அங்கே ஒழுக்கம் என்றாலே நல்லொழுக்கம். இன்றைக்கு நம்மிடம் மிஞ்சியிருப்பது இந்த இரண்டாவது பொருள்தான். தீயொழுக்கம் என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று ஒழுக்கம் இருக்கும், இல்லையென்றால் கெட்டுப்போயிருக்கும்.

அதே அதிகாரத்தில் ஒழுக்கத்துக்கு எதிராக வள்ளுவர் வைக்கும் சொல் ‘இழுக்கம்’. இழுக்குதல் என்றால் வழுக்குதல். சேற்றில் நடப்பவனுக்கு ஊன்றுகோல் எப்படி உதவுமோ என்று இன்னொரு குறளில் சொல்லும்போதும் இதே சொல்லைத்தான் வழுக்கு நிலத்துக்குச் சொல்கிறார். ஆக, நம் மொழியின் மனசில் இருக்கும் படம் இது: ஒருவர் ஒரு தடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார், வழுக்கி விழவில்லை. விழுந்தால் ‘எய்தாப் பழி’ வரும், தனக்குத் தகாத பழியெல்லாம் வந்து சேரும் என்கிறது குறள். உங்கள் செக்கிங் அக்காவுக்கு வழுக்காமலேயே பழி வந்துவிட்டது. அவர் வழுக்கியது கடிகாரத்தில்தான்.

இப்போது இரண்டையும் பேச்சில் வைத்துப் பார்ப்போம். அகராதி சொல்லாததை நம் வாய் சொல்லிக் கொடுக்கும். “ஃபேன் ஒழுங்கா சுத்தல.” “ஒழுங்கா சாப்பிடு.” “ஒழுங்கு மரியாதையா வெளிய போயிடு.” இந்த மூன்றிலும் ஒழுங்கை எடுத்துவிட்டு ஒழுக்கத்தை வைத்துப் பாருங்கள். ஃபேன் ஒழுக்கமாகச் சுற்றவில்லை என்றால் சிரிப்பு வரும். ஒழுங்கு எதன்மேலும் உட்காரும்: ஃபேன்மேல், அலமாரிமேல், வயல் நாற்றின்மேல், உடம்பின்மேல். டாக்டரிடம் ‘மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை’ என்று சொல்கிறோம். கணக்குப் புத்தகத்தில் ‘ஒழுங்குப் பலகோணம்’ இருக்கிறது. ஊரில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது, சென்னையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. காவல் நிலையத்தில் சட்டம் – ஒழுங்குப் பிரிவு இருக்கிறது. அதைச் சட்டம் – ஒழுக்கப் பிரிவு என்று மாற்றினால், பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகள் எல்லாம் எழுந்து ஓட வேண்டியதுதான்.

ஒழுக்கம் அப்படி எல்லா இடத்திலும் உட்காராது. அதற்கு ஒரு மனசு வேண்டும். நல்லது கெட்டது தெரிந்து, கெட்டதைச் செய்ய வாய்ப்பும் இருந்து, அதைச் செய்யாமல் இருக்கிற ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்று கவனியுங்கள், நான் புதிதாகச் சேரும் மெய்ப்புக்காரர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். தமிழில் ‘ஒழுங்குபடுத்து’ என்ற வினை இருக்கிறது. மேஜையை ஒழுங்குபடுத்தலாம், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தலாம், கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம். ‘ஒழுக்கப்படுத்து’ என்று ஒரு வினை கிடையாது. சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்காது. ஒழுங்கை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவர முடியும், டிரில் மாஸ்டர் விசில் ஊதினால் போதும். ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாம், பேணலாம், காப்பாற்றலாம், தவறலாம், கெடுத்துக்கொள்ளலாம். அந்த வினைகள் ஏறக்குறைய எல்லாம் சம்பந்தப்பட்டவரே செய்ய வேண்டியவை. கம்பெனி பணியாளர் பிரிவுக்கு ஒழுங்கை நிர்வகிக்கத்தான் அதிகாரம். யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் கொடுக்கவோ கிழிக்கவோ அது இடமில்லை.

இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனக்கு மெய்ப்பு பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவரின் மேஜை ஒரு குப்பைமேடு. திருத்துவதற்காக அச்செடுத்த பழைய தாள்கள், டீ கிளாஸ், வெற்றிலைக் காம்பு, நடுவில் எங்கேயோ அவருடைய கண்ணாடி. பத்து மணி ஆபீசுக்குப் பதினொன்றரைக்குத்தான் வருவார். ஆனால் அந்த மனிதர் 30 வருடத்தில் ஒரு சினிமா பாஸ்கூட யாரிடமும் வாங்கியதில்லை. எதிர் மேஜையில் கணக்கர் ஒருவர் இருந்தார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நாற்காலியில் இருப்பார், பேனாக்கள் நீளவாரியாக அடுக்கியிருக்கும். அவர் ஏன் ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுப் போனார் என்று எங்களுக்கு அப்போது சொல்லவில்லை, பிறகு ஆடிட்டர் வந்தபோது தெரிந்தது. பெரியவரிடம் ஒழுங்கு இல்லை, கணக்கரிடம் ஒழுக்கம் இல்லை. இரண்டு சொற்களும் ஒன்றுதான் என்றால் இந்த இரண்டு பேரை எப்படிப் பிரித்துச் சொல்வது?

அரசாங்கத் தமிழ் இதில் உங்களைவிடக் கவனமாக இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ‘17 பி’ என்றால் முகம் மாறும். குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17-ஆவது விதி அது. 17 ஏ சின்னத் தண்டனைக்கு, 17 பி பெரிய தண்டனைக்கு. அங்கே எடுப்பது எப்போதும் ‘ஒழுங்கு நடவடிக்கை’. தாமதமாக வந்தவர் மேலும் ஒழுங்கு நடவடிக்கை, லஞ்சம் வாங்கி ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபட்டவர் மேலும் ஒழுங்கு நடவடிக்கை. பின்னவர் விஷயத்தில் ஒழுக்கமே கெட்டுவிட்டது என்று டீக்கடையில் பேசுவார்கள், கோப்பில் எழுத மாட்டார்கள். ஊழியர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 1973-ஆம் ஆண்டு விதிகளுக்கும் ‘நடத்தை விதிகள்’ என்றுதான் பெயர். இங்கேயும் ஒழுக்கம் வரவில்லை. எழுதியவருக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை. தண்டனை கொடுக்கிற கோப்பில் எந்தச் சொல் வரலாம், எந்தச் சொல் வரக்கூடாது என்ற கணக்கு அது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர்கூட அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் பேசத் தொடங்குகிறார். அவர் உரையின் மற்ற எத்தனையோ விஷயங்களோடு எனக்குச் சண்டை உண்டு. இந்தப் பிரிப்பு மட்டும் அலுவலகங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. உங்கள் நோட்டீஸ் தண்டத்தை, அதாவது தண்டனையைச் சேர்ந்தது. அதற்குள் ஒழுக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள்.

ஒழுக்கம் என்ற சொல்லை அரசாங்கம் வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்று ஒரு வரி வரும். எதிரே தலைமையாசிரியர் ‘நன்று’ என்று எழுதுவார். தினமும் பிரேயர் முடிந்த பிறகு வந்த பையனுக்கும் ‘நன்று’தான். அந்த வரியில் வேறு எதையாவது எழுதினால் அந்தப் பிள்ளையின் அடுத்த பள்ளிக்கூடமும் கல்லூரியும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தாமதத்துக்கு அவர் பிரம்பையோ மைதானத்தையோ பயன்படுத்தியிருப்பார், சான்றிதழைத் தொட மாட்டார்.

இனி நீங்கள் எடுத்த மாதிரிக் கடிதம். ‘ஒழுக்காற்று நடவடிக்கை’ என்பது இலங்கைத் தமிழ். அங்கே அரசு அலுவலகங்கள், பள்ளிகள், கட்சிகள் எல்லாவற்றிலும் நாம் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்வதற்கு அதுதான் சொல். ஒழுக்காற்று விசாரணை, ஒழுக்காற்றுக் குழு என்று எழுதுவார்கள். அதைப் பார்த்து அவர்கள் ஒழுக்கத்தையும் ஒழுங்கையும் குழப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ‘ஒழுக்காறு’ என்பது பழைய சொல், ஒழுக்கு என்பதோடு வழி என்று பொருள்படும் ஆறு சேர்ந்தது. பொறாமை இல்லாத இயல்பை ‘ஒழுக்காறாக் கொள்க’ என்று குறளிலேயே வருகிறது. ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பதை ஆற்றங்கரை என்கிறோமே, அதே போல ஒழுக்காறு ‘ஒழுக்காற்று’ ஆகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு ஆசிரியருக்கு ஒழுக்காற்று விசாரணை என்றால், விதிப்படி ஒரு விசாரணை நடக்கப் போகிறது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அந்தச் சொல்லுக்கு அங்கே கோப்பின் வாசனை ஏறிவிட்டது. நீங்கள் செய்தது என்னவென்றால், அந்தக் கோப்பு வாசனையைக் கழுவிவிட்டு, உள்ளே இருந்த ஒழுக்கத்தை மட்டும் எடுத்து, பின்னால் ‘கேடு’ என்று ஒன்றையும் ஒட்டிவிட்டீர்கள். புரியாத சொல்லைப் புரியும் சொல்லாக மாற்ற நினைத்தது நல்ல எண்ணம். ஆனால் புரிந்தது வேறு.

அந்த வேறு என்ன என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒழுக்கம் என்ற சொல்லை ஆணுக்குச் சொன்னால் நம் ஊரில் முதலில் பாட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். ‘பையன் ஒழுக்கமானவன்’ என்று கல்யாணத் தரகர் சொன்னால் குடி, சிகரெட், சீட்டு கிடையாது என்று அர்த்தம். பெண்ணுக்குச் சொன்னால் ஒரே ஒரு அர்த்தம்தான், அது என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. கேட்டில் நின்று கத்திய மனிதர் அகராதி பார்த்துவிட்டு வரவில்லை. ஊரில் நாலு பேர் என்ன கேட்டார்களோ அதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இது நியாயமா என்றால் இல்லை. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தில் நேர்மையும் வாக்குத் தவறாமையும் கணக்கில் வராமல் உடம்பு மட்டும் கணக்கில் வருவது இந்தச் சொல்லுக்கு நாம் செய்த அநியாயம். ஆனால் நோட்டீஸ் எழுதுகிறவர் நியாயமான உலகத்துக்கு எழுத முடியாது. போர்டுக்கு முன்னால் நின்று படிக்கிறவர்களுக்குத்தான் எழுத வேண்டும்.

ஒழுங்கீனம் என்று எழுதியிருக்கலாமே என்று உங்கள் மேனேஜர் கேட்கலாம். அதுவும் வேண்டாம். அந்தச் சொல் அத்தனை விபரீதம் இல்லைதான், ஆனால் ‘ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்’ என்றால் கத்தினார், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார், பொருளைத் தூக்கி எறிந்தார் என்ற மாதிரி ஒரு காட்சி கண்ணுக்கு வரும். பஸ் கிடைக்காமல் இருபது நிமிடம் கழித்து வந்து தலையைக் குனிந்துகொண்டு பஞ்ச் வைத்தவருக்கு அது பொருந்தாது. கட்டுப்பாடு என்று இன்னொரு சொல் உண்டு. அண்ணா ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்று தொண்டர்களுக்குச் சொன்னபோது ஆங்கிலத்தின் டிசிப்ளினுக்கு அவர் எடுத்துக்கொண்டது இதைத்தான். இயக்கத்துக்கும் பட்டாளத்துக்கும் அது அருமையான சொல். செக்கிங் டேபிளுக்குக் கொஞ்சம் அதிகம்.

டிக்‌ஷனரியின் மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தத்துக்கும் ஒரு வார்த்தை. அது பொய் சொல்லவில்லை. ஆங்கிலக்காரர்களுக்கு ஒரே பையில் கிடக்கும் மூன்று நான்கு விஷயங்களைத் தமிழ் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறது. டிக்‌ஷனரி டப்பாக்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எதைத் திறப்பது என்பது நம் வேலை. கமா போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்திருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று ஆகிவிடாது. உப்பும் சர்க்கரையும் கூட அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதல் வேலை, அந்த நோட்டீஸை எடுத்துவிடுவது மட்டும் போதாது. எடுத்துவிட்டால் ‘விஷயம் பெரிசு, அமுக்கிட்டாங்க’ என்பார்கள். அதே போர்டில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் ஒட்டுங்கள். ‘வருந்துகிறோம்’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும். ‘தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால்’ என்ற சொற்றொடர் இருக்கவே கூடாது. அது படித்தவர் மேல் பழியைத் தள்ளும் தந்திரம், அந்த வீட்டுக்காரர் அதை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இப்படி எழுதலாம்:

‘செக்கிங் பிரிவைச் சேர்ந்த ஒரு பணியாளர் குறித்து இந்தப் பலகையில் ஒட்டப்பட்ட அறிவிப்பு, அவர் வேலைக்கு வந்த நேரம் தொடர்பானது மட்டுமே. அதில் “ஒழுக்கக்கேடு” என்று எழுதியது எங்கள் தவறு. அவருடைய நடத்தை குறித்து நிர்வாகத்துக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறோம். அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஏற்பட்ட மனவேதனைக்கு வருந்துகிறோம்.’

பெயரை மறுபடி போட வேண்டாம், ஒரு தடவை போட்டதே போதும். மேனேஜர் கையெழுத்து கட்டாயம் வேண்டும், உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது. ஒட்டிய பிறகு நீங்களே போட்டோ எடுத்து அந்த அக்காவுக்கு அனுப்புங்கள். முதல் நோட்டீஸ் போன வழியிலேயே இதுவும் போகட்டும், ஊர் வரைக்கும். அப்புறம் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது கடிதம் கொண்டு போகாதீர்கள். எழுத்தால் வந்த வினைக்கு இன்னொரு எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். வழக்கு, நஷ்ட ஈடு என்று பேச்சு வந்தால் அது வக்கீல் விஷயம், என் வேலை இல்லை.

தாமதத்துக்கு விளக்கம் கேட்கும் கடிதத்தைத் தனியாக, அவர் கையிலேயே கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதை எல்லாம் போர்டில் ஒட்டும் பழக்கத்தையே விட்டுவிடலாம். அந்தக் கடிதத்தில் ஒழுங்கு, ஒழுக்கம், கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். ‘நீங்கள் இந்த மாதம் இந்தத் தேதிகளில் 8.30 மணிக்குப் பதிலாக இத்தனை மணிக்கு வந்திருக்கிறீர்கள், காரணத்தைத் தெரிவிக்கவும்.’ முடிந்தது. ஒன்பது தேதியையும் ஒன்பது நேரத்தையும் பட்டியலாகப் போடுங்கள். இப்படிப் பட்டப்பெயர் எல்லாம் இல்லாமல் எழுதினால் கடிதம் பலவீனமாகத் தெரியும் என்று மேனேஜர்கள் பயப்படுவார்கள். எனக்குத் தெரிந்தவரை நேர்மாறு. ‘ஒழுக்கக்கேடு’ என்றால் சண்டை போடலாம். ‘12-ஆம் தேதி 8.52’ என்றால் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அப்படி எழுதும்போது உங்களுக்கே ஒன்று கண்ணில் படும். உங்கள் கடிதத்தின் கடைசியில், நான் மேலே சேர்க்காமல் விட்ட ஒரு வரியில், கம்பெனி வேன் போன மாதம் முதல் தேதியிலிருந்து அவர்கள் ஊர்ப் பக்கம் வருவதில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அவர் தாமதமான ஒன்பது நாளும் அதற்குப் பிறகுதான் என்றால், விளக்கம் கேட்கும் கடிதத்தை அடிப்பதற்கு முன்னால் வண்டி பார்க்கிறவரிடம் போய், காலையில் அந்தத் தடத்தில் டவுன் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.